முந்நூறு சொற்களுக்குள்

தில்லைவாணன் கேட்டது முந்நூறு சொல்,
வியாழன் மாலைக்குள்.
"கதையைச் சொல்லிடாதீங்க மேடம்.
வேகத்தைச் சொல்லுங்க."

வேகம்தான், சந்தேகமில்லை.
வேளச்சேரியில் ஏறி உட்கார்ந்து திறந்தேன்.
பெருங்குடி வருமுன் ஒரு காவலாளி காணாமல் போனார்.
தரமணியில் அவருடைய செருப்பு கிடைத்தது,
விரல்களோடு.
நான் இறங்க வேண்டியது மந்தைவெளி.
நிமிர்ந்தபோது சேப்பாக்கம்.
எதிர் நடைமேடைக்குப் போய் நின்று
இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் என்றேன்.
திரும்பிப் போகும் ரயிலும் போய்விட்டது.

இதையே எழுதி அனுப்பியிருக்கலாம்.
மதிப்புரை என்று அதற்குப் பெயர் கிடைக்காது.

கூவத்துச் சேற்றுக்கடியில் ஒன்பது பூதங்கள்.
வேட்டைக்காரி யூனிஸ்,
பகலில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறவள்,
முதுகுப் பெட்டிக்குள் பிரியாணிக்குக் கீழே
ராயபுரம் பட்டறையில் அடித்த ஈட்டி.
(ஈட்டியில் மசாலா வாசனை.
இரண்டாவது பூதம் அதை வைத்தே அவளைக் கண்டுபிடிக்கிறது.
மன்னிக்கவும் தில்லைவாணன், கதையைச் சொல்லிவிட்டேன்.)

குறைகள் உண்டு.
நாற்பத்தொரு அத்தியாயங்களில் முப்பத்து மூன்று
ஏதோ ஒரு கதவு திறப்பதில் முடிகின்றன.
இத்தனை கதவுகள் சென்னையில் தாழ்ப்பாள் இல்லாமல் இருக்காது.
'சட்டென்று' என்ற சொல் இருநூறாம் பக்கம் வரை
நூற்றுப் பன்னிரண்டு முறை.
பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன்.
அதன்பின் எண்ணவில்லை.
ஒரு கை புத்தகத்தைப் பிடித்திருந்தது,
மறு கை பக்கத்தின் கடைசி வரியை மூடியிருந்தது,
கண் முந்திக்கொண்டு ஓடிவிடாமல்.

212ஆம் பக்கத்தில் மட்டும் ஆசிரியர் நடக்கிறார்.
மண்ணடியில் சாத்திய மெஸ்.
வெளியே அது மூச்சு விடுகிறது,
ஷட்டர் உப்பி உப்பி அடங்குகிறது.
உள்ளே யூனிஸுக்குப் பசி.
தட்டில் யாரோ மிச்சம் வைத்த இட்லி.
மெல்லும் சத்தம் கேட்குமோ என்று
நாக்கில் வைத்துக் கரையவிடுகிறாள்.
ஒரு பக்கம் முழுக்க, ஒரே இட்லி.

பிறகு காசிமேடு.
நாற்பதடி உடல் ஏலக்கூடத்துக்குக் குறுக்கே சாய்கிறது.
அத்தியாயம் முடிகிறது. அடுத்த வரி:
'காலையில் ஐஸ் லாரிகள் வழக்கம்போல் வந்தன.'

யார் இழுத்துப் போட்டது?
எத்தனை பேர், எத்தனை மணி நேரம்,
கையுறை கொடுத்தார்களா?

ஒரு டிசம்பர் வெள்ளம் வடிந்தபின்
எங்கள் தெருமுனையில் எருமை ஒன்று ஊதிக் கிடந்தது.
மூன்று நாள் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனோம்.
நான்காம் நாள் தேசம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள்.
கயிறு அவர்களுடையது.
நாங்கள் கொடுத்தது
முகர்ந்துகொள்ள ஒரு எலுமிச்சம்பழம்.
வேட்டை நாவல் வேகமாக ஓடுவது
இவர்களை ஏற்றிக்கொள்ளாமல் போவதால்தான்
என்று எழுதினேன்.

தொலைபேசியில் தில்லைவாணன்:
"நல்லாத்தான் இருக்கு மேடம்.
பூதக் கதையில எருமை எதுக்கு?"
வெட்டிவிட்டார், அறுபத்தொரு சொற்கள்.
அந்த இடத்தை நிரப்ப அவரே ஒரு வரி போட்டார்:
'எடுத்தால் கீழே வைக்க முடியாத நாவல்.'

அது பொய்.
நான் இரண்டு முறை கீழே வைத்தேன்.
முதல் முறை, பால் பொங்கியதற்கு.
இரண்டாவது, இரவு ஒன்றரை மணிக்கு
குளியலறைச் சாக்கடை மூடி
சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க.
உட்கார்ந்திருந்தது.
இருந்தாலும் அதன்மேல்
ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

இரண்டாம் பாகம் ஜனவரியில்,
புத்தகக் காட்சிக்கு வருகிறதாம்.
அதுவரை வாளி அங்கேயே இருக்கட்டும்.
குளிக்க வேறொன்று வாங்கிக்கொண்டேன்.